‘நிற்றல்’ – ஓர் ஆங்கிலச் சொல் தரும் படிப்பினை

தனித்தமிழை மறுப்போர் நெடுங்காலமாகக் கூறிவரும் உரை ஒன்றுண்டு. “ஆங்கிலம் கடன் வாங்கியே வளர்ந்தது, கடன் வாங்காத மொழி தேய்ந்தொழியும், ஆதலின் தமிழும் தன் வாயிலை அகலத் திறந்து வைத்தல் வேண்டும்” என்பதே அவ்வுரை. கேட்பார்க்கு இது பட்டறிவின் முடிவு போலவே தோன்றும். ஆனால், ஆங்கிலம் எவ்வாறு கடன்பட்டது, ஏன் கடன்பட்டது, அக்கடனால் எதனை இழந்தது என்பனவற்றை அவ்வாறு கூறுவோர் ஆய்ந்து பார்ப்பதில்லை. அதற்கு ஆங்கில அகரமுதலி முழுவதையும் புரட்ட வேண்டுவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆங்கிலக் குழந்தை ஒவ்வொன்றும் அறிந்த, நிற்றலைக் குறிக்கும் ‘இசுடாண்டு’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டாலே உண்மை விளங்கும்.

அச்சொல்லை முன்னே இகரம் இட்டு எழுதுவதைக் கண்டு நகைப்பாரும் உளர். மெய் தனித்து நின்று மொழிக்கு முதலாகாது என்பது தமிழ் மரபு. இத்தகைய மரபு தமிழுக்கு மட்டும் உரியதன்று. இலத்தீனத்தின் வழிவந்த இசுபானிய மொழியும் சகர மெய்யும் வேறொரு மெய்யும் சேர்ந்து சொல்லின் முதலில் நிற்பதை ஏற்பதில்லை. அரசைக் குறிக்கும் சொல்லை ‘எசுத்தாதோ’ என்றும், வண்டி நிலையத்தை ‘எசுத்தாசியோன்’ என்றும் எகரம் சேர்த்தே இசுபானியர் வழங்குகின்றனர். பழைய பிரெஞ்சு மொழியும் அவ்வாறே செய்தது. இசுபானியர் செய்தால் மொழியியல்பு என்றும் தமிழர் செய்தால் பித்து என்றும் கூறுவது எவ்வகை ஞாயம்?

இனி, அச்சொல்லின் பொருள்களைக் காண்க. காலூன்றி நிமிர்ந்திருத்தல் என்பதே அதன் முதற்பொருள். பகைவர் பாய்ந்து வருங்கால் பின்னிடாது எதிர்நிற்றல் என்னும் பொருள் அதனின்று கிளைத்தது. அதனைத் தொடர்ந்து பொறுத்தல், தாங்குதல் என்னும் பொருள் வந்தது. வெயிலைத் தாங்க முடியவில்லை என்பதையும், ஒருவரைக் காணவே பொறுக்கவில்லை என்பதையும் ஆங்கிலர் இச்சொல்லாலேயே கூறுவர். ஒருவர்க்குத் துணை நிற்பதற்கும், மற்றொருவர்க்கு மாற்றாக நிற்பதற்கும், ஓர் எழுத்து ஒரு சொல்லின் அடையாளமாக நிற்பதற்கும், ஆணை ஒன்று மாறாது நிலைப்பதற்கும் இதுவே வரும். பெயராக வருங்கால், பொருள்களை வைக்கும் தாங்கி, தெருவோரச் சிறுகடை, விளையாட்டரங்கில் பார்ப்போர்க்குரிய படிமேடை, வழக்குமன்றத்தில் சான்று கூறுவோர் நிற்கும் கூண்டு, ஒரே தன்மையவாய் வளர்ந்து நிற்கும் மரக்கூட்டம், ஒருவர் மேற்கொண்ட கொள்கை எனப் பல பொருள் தரும். தேர்தலில் இறங்குவோரை இங்கிலாந்தினர் ‘நிற்கிறார்’ என்பர். அமெரிக்கரோ ‘ஓடுகிறார்’ என்பர்.

அறிதலைக் குறிக்கும் ‘அண்டர்சுடாண்டு’ என்னும் சொல்லிலும் இந்நிற்றலே அமைந்துள்ளது. அதன் முன்னொட்டுக்கு இன்று ‘கீழ்’ என்பது பொருள். பண்டைக் காலத்தில் ‘நடுவே’ என்னும் பொருளும் அதற்கு இருந்ததென்றும், ஒரு பொருளின் நடுவே சென்று நிற்பதே அதனை அறிவது என்னும் கருத்தில் அச்சொல் எழுந்ததென்றும் சொல்லாய்வாளர் பலர் கருதுவர். செருமானியர் அறிதலைக் குறிக்க வழங்கும் ‘பெர்சுட்டேயன்’ என்பதிலும் நிற்றலே உண்டு. கிரேக்கரின் ‘எப்பிசுத்தமை’ என்பதும் ஒன்றன்மேல் நிற்றல் என்னும் அமைப்பினது. அறிவையும் நிற்றலையும் இணைத்துப் பார்த்தது மேலைமக்கள் மட்டுமா? கற்றபின் அக்கல்விக்கேற்ப நிற்றல் வேண்டும் என்று வள்ளுவரும் கூறினார் அல்லரோ!

பொருள் இவ்வாறிருக்க, பிறப்பு எவ்வாறு? பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘இசுடாண்டன்’ என வழங்கியது. அதன் இறந்தகாலம் ‘இசுடோடு’. நிகழ்காலச் சொல்லில் உள்ள மெல்லொலி இறந்தகாலச் சொல்லில் இல்லை. இன்றைய ஆங்கிலத்திலும் அவ்வாறே. ஆகவே, அம்மெல்லொலி வேரைச் சார்ந்ததன்று. நிகழ்காலத்தைக் காட்ட இடையே புகுந்தது. அதனையும் ஈற்றையும் களைந்தால் எஞ்சுவது ‘இசுதா’ என்னும் பழைய வேர். இலத்தீனத்தில் நிற்றலைக் குறிக்கும் ‘இசுதாரே’, கிரேக்கத்தில் நிறுத்துதலைக் குறிக்கும் ‘இசுதேமி’, வடமொழியில் ‘தானம்’, ‘தாபனம்’ முதலியவற்றுக்கு வேராகிய ‘இசுதா’, பாரசீகத்தில் நாட்டுப்பெயர்களின் ஈறாக வரும் ‘தான்’ ஆகிய அனைத்தும் ஒரு தாய் மக்கள்.

இவ்வுறவு வெறும் ஓசை ஒப்புமையால் கூறப்பட்டதன்று. 1786-இல் வில்லியம் சோன்சு இம்மொழிகளின் உறவைச் சுட்டிக்காட்டினார். 1822-இல் செருமானிய அறிஞர் யாக்கோபு கிரிம் ஒலித்திரிபின் ஒழுங்கை விளக்கினார். இலத்தீனத்தின் தகர வல்லொலி ஆங்கிலத்தில் மூச்சு உரசும் ஒலியாகத் திரியும். மூன்று என்னும் எண்ணைக் குறிக்கும் இருமொழிச் சொற்களிலும் இதனைக் காணலாம். ஆயின், முன்னே சகர மெய் நிற்குமாயின் அத்திரிபு நேராது. அதனாலேயே நிற்றலைக் குறிக்கும் சொல்லில் அவ்வல்லொலி திரியாது நிற்கிறது. திரிவதற்கும் திரியாமைக்கும் விதி காட்டும் இவ்வொழுங்கே உறவுக்குச் சான்று.

ஈண்டு, தமிழன்பர் சிலர்க்கும் ஒன்று கூற வேண்டியுள்ளது. கேட்ட சொல்லையெல்லாம் “தமிழினின்று சென்றதே” என்று காட்ட முற்படுவது அவர்தம் வழக்கம். ‘நில்’ என்பதற்கும் ‘இசுடாண்டு’ என்பதற்கும் பொருள் ஒன்று, வேர் வேறு. 1816-இல் எல்லிசும் 1856-இல் கால்டுவெல்லும், தென்னாட்டு மொழிகள் வடமொழியினின்று பிறந்தன அல்ல என நிறுவியது வேர்களையும் சொல்லமைப்பையும் ஒழுங்காக ஒப்புநோக்கியதனாலேயே. தமிழுக்குத் துணையாக வருங்கால் அம்முறையைப் போற்றுவதும், விரும்பிய முடிவுக்குத் தடையாக வருங்கால் அதனைத் தள்ளுவதும் ஆய்வாகா. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு முதலாக நடு இந்தியக் காடுகளில் வாழும் கோண்டி மக்களின் மொழிவரை வழங்குவது ‘நில்’ என்னும் வேர். அதற்கு ஆங்கிலச் சொல் ஒன்றைப் பிள்ளையாகத் தேடிக் கொடுக்க வேண்டிய வறுமை இல்லை. பொய்ப்பெருமை ஒன்று வெளிப்படுமாயின், மெய்ப்பெருமை பத்தும் ஐயத்துக்கு இடமாகிவிடும்.

இனி, கடன் வாங்கிய கதைக்கு வருவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. 1066-இல் நார்மண்டியினின்று வந்த படை இங்கிலாந்தை வென்றது. அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பெருநிலக்கிழார் வீட்டிலும் பிரெஞ்சு மொழி ஏறி அமர்ந்தது. கோயிலும் கல்வியும் முன்னரே இலத்தீனத்தின் கையில் இருந்தன. ஆங்கிலம் உழவர் மொழியாகவும் ஊழியர் மொழியாகவும் தாழ்ந்தது. பின்னர் அது மீண்டும் அரியணை ஏறியபோது, ஆண்டோர் விட்டுச்சென்ற சொற்களைச் சுமந்துகொண்டே ஏறியது. அங்ஙனம் புகுந்தவற்றுள் ‘இசுடாண்டு’ என்பதன் இனச்சொற்களே ஒரு பெருங்கூட்டம்.

அரசைக் குறிக்கும் ‘இசுடேட்டு’, நிலவுடைமையைக் குறிக்கும் ‘எசுடேட்டு’, நிலையமாகிய ‘இசுடேசன்’, நிலைமையாகிய ‘இசுடேட்டசு’, சிலையாகிய ‘இசுடேச்சு’ ஆகிய அனைத்தும் இலத்தீன ‘இசுதாரே’ என்பதன் வழியின. விலகி நிற்பது ‘டிசுடன்சு’, அஃதாவது தொலைவு. மாறாது நிற்பது ‘கான்சுடண்டு’. சுற்றி நிற்பது ‘சர்க்கம்சுடன்சு’. அடியில் நிற்பது ‘சப்சுடன்சு’. ஒருவனை ஓடாது நிறுத்துவது ‘அரெசுட்டு’. எஞ்சி நிற்பது ‘ரெசுட்டு’. ஒரு பொருள் எத்துணைப் பணத்தில் நிற்கிறதோ அது ‘காசுட்டு’. இவையெல்லாம் ஓரில்லத்துப் பிள்ளைகள் என்பதை இலத்தீனம் பயின்ற ஆங்கிலனே அறிவான். பயிலாத ஆங்கிலனுக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே உருப்போட வேண்டிய ஒலிக்கட்டி. தன் தாய்மொழியின் ‘நிற்றல்’ இத்தனை சொற்களுக்கும் உறவென்பது அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடன் வாங்கியதால் ஆங்கிலம் இழந்தது இதுவே. சொற்கள் பெருகின, சொற்களுக்கிடையே இருந்த ஒளி குன்றியது. கற்றோர்க்கும் மற்றோர்க்கும் இடையே மொழியினுள்ளேயே ஒரு சுவர் எழுந்தது.

வீட்டைவிட்டுப் போன பிள்ளை வேற்றுடையில் திரும்பிய கதையும் உண்டு. 1138 ஆகத்து 22-ஆம் நாள் வட இங்கிலாந்தில் நார்த்தலர்ட்டன் அருகே ஆங்கிலப் படையும் இசுக்காத்துலாந்துப் படையும் பொருதன. ஆங்கிலர் ஒரு வண்டிமேல் கப்பற் பாய்மரத்தை நட்டு, அதில் தம் துறவோர் கொடிகளைக் கட்டி, அதனைச் சூழ்ந்து நின்று வென்றனர். அப்போர் இன்றும் ‘இசுடாண்டர்டு’ போர் என்றே வழங்கப்பெறும். ‘உறுதியாக நில்’ என்னும் பொருளுடைய செருமானிய இனச்சொல் ஒன்று பிரெஞ்சினுட் சென்று, உருமாறி, ‘இசுடாண்டர்டு’ என ஆங்கிலத்துக்கு மீண்டது என்பர் அறிஞர் பலர். அதுவே பின்னர் அளவுகளுக்கும் தரங்களுக்கும் பெயராயிற்று.

ஆங்கிலத்தின் உடன்பிறப்பாகிய செருமானியத்தில் நிலை வேறு. தொலைவு என்பதை ‘விலகி நிற்பது’ என்னும் பொருளில் ‘அப்சுட்டாண்டு’ என்றும், சூழ்நிலையைச் ‘சுற்றி நிற்பது’ என ‘உம்சுட்டாண்டு’ என்றும், எதிர்ப்பை ‘எதிர்நிற்பது’ என ‘விடர்சுட்டாண்டு’ என்றும், நிலுவையைப் ‘பின்நிற்பது’ என ‘ரியூக்சுட்டாண்டு’ என்றும் அவர்கள் தம் வேரினின்றே ஆக்கிக்கொண்டனர். இவற்றுட் சில இலத்தீனச் சொல்லமைப்பை ஒட்டி ஆக்கப்பெற்றவையே. ஆயினும், கருத்தைக் கொண்டனரேயன்றி ஒலியைக் கொண்டாரல்லர். செருமானியமும் கடனே வாங்காத மொழியன்று. அரசுக்கும் நிலையத்துக்கும் அதுவும் இலத்தீன வழிச் சொற்களையே வழங்குகிறது. எனினும், தன் வேரைத் துளிர்க்கவிட்டதால் அம்மொழி அறிவியலிலோ மெய்யியலிலோ ஆங்கிலத்துக்குப் பின்தங்கியதாக எவரும் கூறார். கடன் வாங்காத மொழி தேயும் என்பார்க்கு இஃதொன்றே போதிய விடை.

ஆங்கிலருள்ளும் இவ்விழப்பை உணர்ந்தோர் இருந்தனர். கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியர் சான் சீக்கு, 1557-இல் எழுதிய மடலில், தம் மொழி பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்படல் வேண்டும் என்றும், வாங்கிக்கொண்டே இருந்து திருப்பாத மொழி நொடித்துப் போகும் என்றும் கருத்துரைத்தார். கிரேக்கமும் இலத்தீனமும் கரைகண்ட ஒருவரே இவ்வாறு கூறினார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்க்கையில் படைத்தலைவனைக் குறிக்க ‘நூற்றுவன்’ எனவும், உயிர்த்தெழுதலைக் குறிக்க ‘மீண்டெழல்’ எனவும் பொருள்படும் தூய ஆங்கிலச் சொற்களை அவர் ஆக்கினார். அம்மொழிபெயர்ப்போ 1843 வரை அச்சேறவில்லை. தார்செட்டு நாட்டுப் பாவலர் வில்லியம் பார்ன்சு 1878-இல் ஆங்கில இலக்கணத்தைத் தூய ஆங்கிலச் சொற்களாலேயே எழுதி வெளியிட்டார். ‘ஆம்னிபசு’ என்னும் இலத்தீனப் பெயருக்கு மாற்றாக ‘மக்கள் வண்டி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் அவர் படைத்தார். உலகம் நகைத்துவிட்டுப் போயிற்று.

பார்ன்சு ஏன் தோற்றார்? அவர் ஆக்கிய சொற்கள் பொருந்தாமையால் அன்று. நார்மானியர் வந்து 800 ஆண்டுகள் கடந்தபின் அவர் களை எடுக்க இறங்கினார். அதற்குள் களை மரமாகிவிட்டது. அரசும் பள்ளியும் செய்தித்தாளும் அவர் பின் நிற்கவில்லை. தூய சொல் வேண்டும் என்னும் அறிவு ஆங்கிலர்க்கு இருந்தது. உரிய காலத்தில் அது செயலாகவில்லை. தனித்தமிழ் அன்பர் மறவாது உள்ளத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

ஏனெனில், இதே வேர் தமிழின் வாயிலையும் தட்டியது, ஒருமுறையன்று, இருமுறை. முதன்முறை வடமொழியின் தோளேறி வந்தது. இடம் ‘தானம்’ ஆயிற்று. நிறுவனம் ‘தாபனம்’ ஆயிற்று. தனியரசு ‘சமத்தானம்’ ஆயிற்று. கோயில் ஆட்சி ‘தேவத்தானம்’ ஆயிற்று. படிமத்தை நிறுவுதல் ‘பிரதிட்டை’ ஆயிற்று. அல்லலுற்ற நிலை ‘அவத்தை’ ஆயிற்று. அசையாது நிற்கும் மரமும் செடியும் ‘தாவரம்’ எனப்பட்டன. இரண்டாம் முறை அதே வேர் ஆங்கிலக் கப்பலேறி வந்தது. ‘போலீசு இசுடேசன்’, ‘ஆட்டோ இசுடாண்டு’, ‘சைடு இசுடாண்டு’ என்று தெருவெல்லாம் பரவிற்று. இன்று, கைப்பேசியில் ‘இசுடேட்டசு’ வைக்கின்றனர், தொலைக்காட்சிச் சொற்போரில் “உங்கள் இசுடாண்டு என்ன?” என்று வினவுகின்றனர். தேவத்தானத்தைத் தூயதென்று போற்றுவோரும், இசுடேட்டசை நாகரிகமென்று போற்றுவோரும் வெவ்வேறு கூட்டத்தார் எனத் தம்மை எண்ணிக்கொள்கின்றனர். இருவரும் வணங்குவது அயல்வேர் ஒன்றையே!

அயல்வேர் இருமுறை குடியேறிய வீட்டில் ‘நில்’ என்னும் உரிமைப் பிள்ளை வெறுங்கையோடா நின்றது? கதவைத் தாங்குவது நிலை. கொடுபடாது நிற்பது நிலுவை. முழுவுருவும் காட்டுவது நிலைக்கண்ணாடி. சூழ நிற்பது சூழ்நிலை. இலத்தீனரும் செருமானியரும் எண்ணியதைத் தமிழன் தன் வேரைக் கொண்டே சொல்லிவிட்டான். கொள்கையில் ஊன்றி நிற்பது நிலைப்பாடு. நிற்கச் செய்வது நிறுவுதல், நிறுவப்பட்டது நிறுவனம். இயங்காது ஓரிடத்து நிற்பது நிலைத்திணை. தாவரம் என்று சொல்லிக் கொடுத்தால் மாணவன் உருப்போடுவான், நிலைத்திணை என்று சொல்லிக் கொடுத்தால் தானே பொருள் காண்பான். நிலம் என்னும் சொல்லையும் இவ்வேரோடு இணைத்துக் காட்டுவர் தமிழ்ச் சொல்லாய்வாளர்.

வண்டி நிற்கும் இடத்துக்குத் தமிழில் பெயரில்லை என்று எவரேனும் கூறின், அவரைத் தேர்த் திருவிழாவுக்கு அழைத்துச் செல்க. தேர் நான்கு தெருவும் சுற்றி வந்து சேர்ந்ததும், எழுத்தறியாத முதியவளும் “தேர் நிலைக்கு வந்துவிட்டது” என்பாள். ஊர்தி நிற்கும் இடம் ‘நிலை’ என்பதற்கு அம்முதியவள் வாயினும் சிறந்த அகரமுதலி எது? அவ்வழக்கின் வழிவந்ததாலேயே ‘பேருந்து நிலையம்’ என்னும் பெயர் மக்கள் செவிக்கு அயலாகத் தோன்றவில்லை. பார்ன்சின் ‘மக்கள் வண்டி’ ஆங்கில நாட்டில் ஓடவில்லை. தமிழ்நாட்டிலோ ‘பேருந்து’ ஊர்ப்பலகைகளிலும் பாடநூல்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈழத்தில் ‘தரிப்பிடம்’ என்னும் சொல் வழக்கில் உள்ளது. சொல்லாக்கம் வீண்வேலை என்பார் இவற்றை மறந்தே பேசுகின்றனர்.

ஆயினும், பலகையில் நிலையம் என்று எழுதப்பெற்ற இடத்திலேயே நின்றுகொண்டு “இசுடாண்டுல இருக்கேன்” என்று கூறும் நாக்கு இன்னும் மாறவில்லை என்பதையும் ஒளிக்க வேண்டுவதில்லை. பலகை அரசின் கையில் உள்ளது. நாக்கு அவரவர் கையில் உள்ளது. இருசக்கர வண்டியில் செல்வாரை நோக்கி, முன்பின் அறியாதவரும் “சைடு இசுடாண்டை எடுங்க” என்று அன்போடு கூவுவதைத் தெருவில் நாளும் கேட்கலாம். “தாங்கியை எடுங்கள்” என்று கூவினாலும் அவ்வன்பு குறையாது. விழாமற் காக்கும் பயனும் குறையாது. இத்தகைய சிறுசொற்களிலேயே மொழி வாழ்வதும் வீழ்வதும் நிகழ்கின்றன. அறிவியற் கலைச்சொல் ஆயிரம் ஆக்கி நூலகத்தில் அடுக்கிவிட்டு, அன்றாடச் சொல் பத்தை அயலார்க்கு விட்டுக்கொடுப்பது, கூரைக்குப் பொன்வேய்ந்து கால்கோள் கல்லைப் பெயர்த்து விற்பதை ஒக்கும்.

அயற்பொருள் ஒன்று வருங்கால், பெயரையும் சேர்த்து இறக்குமதி செய்வதற்கு முன், “இதன் கருத்துக்குத் தமிழில் வேர் உண்டா?” என்று ஒருமுறை வினவுதல் வேண்டும். உண்டெனின் அவ்வேரினின்று சுருங்கிய, ஒலித்தற்கு இனிய சொல்லை ஆக்குதல் வேண்டும். ஆக்கிய சொல்லை ஆசிரியர் வகுப்பிலும், வணிகர் பெயர்ப்பலகையிலும், பெற்றோர் வீட்டிலும் கூசாது வழங்குதல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பார்ன்சுக்கு நேர்ந்ததே நேரும். தமிழுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. ‘நில்’ என்னும் வேர் பட்டுப்போகவில்லை. அதனை வாயால் வழங்குவாரும் மறைந்துவிடவில்லை. ஆங்கிலத்தைக் காட்டித் தமிழரை அச்சுறுத்துவோர், அவ்வாங்கிலத்தின் வரலாற்றையே ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பார்க்கட்டும். அது காட்டுவது கடனின் பெருமையை அன்று. காலம் தாழ்த்தியோர் பட்ட இழப்பையே. தமிழ் தன் காலில் நிற்க; தமிழர் அதன் பக்கம் நிற்க!